மருந்து கையில் இருந்தும் உட்கொள்ளப்படாதது ஏன்?

நீண்டகால நோயாளர் ஒருவர் வாழும் எந்த வீட்டிலும் அலுமாரியின் மூலையிலோ சாப்பாட்டு மேசையின் ஓரத்திலோ பொலித்தீன் பை ஒன்றைக் காணலாம். அதனுள் இந்த மாதம் கிளினிக்கில் வழங்கப்பட்ட கடதாசி உறைகளும் சென்ற மாதத்து உறைகளும் ஒன்றாகக் கிடக்கும். சில உறைகளில் நாலைந்து குளிசைகள் எஞ்சியிருக்கும். சில உறைகள் திறக்கப்பட்டே இரா. அதிகாலையில் எழுந்து, பஸ் ஏறி, இலக்கம் எடுத்து, வரிசையில் நின்று பெற்றுக்கொண்ட மருந்து அது. அரசாங்கம் அரிதாகக் கிடைக்கும் அந்நியச் செலாவணியைக் கொடுத்து வாங்கி இலவசமாக வழங்கிய மருந்தும் அதுவே. இத்தனை சிரமத்தின் பின்னர் வீடுவரை வந்து சேர்ந்த மருந்து, வாய்வரை செல்லாமல் நின்றுவிடுவது ஏன்?

இக்கேள்விக்கு வைத்தியசாலைகளில் வழமையாகக் கிடைக்கும் விடை “நோயாளரின் அலட்சியம்” என்பதாகும். இந்த விடையில் ஓரளவு உண்மை இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அலட்சியம் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுவது நோயாளருக்கும் உதவாது, வைத்தியருக்கும் உதவாது.

உலக சுகாதார நிறுவனம் 2003 ஆம் ஆண்டில் இவ்விடயம் குறித்து விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டது. செல்வந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்கான சிகிச்சையை ஒழுங்காகக் கடைப்பிடிப்போர் சராசரியாக நூற்றுக்கு 50 பேர் மாத்திரமே என்றும், வளர்முக நாடுகளில் இவ்வளவு இதனிலும் குறைவு என்றும் அவ்வறிக்கை கூறியது. கல்வியும் வசதியும் நிறைந்த சமூகங்களிலும் இருவரில் ஒருவர் தவறுகின்றார் என்றால், அதனைத் தனிமனிதக் குறைபாடு என்று மட்டும் கொள்ள இயலாது. அவ்வறிக்கை இதற்கான காரணிகளை ஐந்து வகையாகப் பிரித்தது. சமூக பொருளாதார நிலை, சுகாதார சேவையின் அமைப்பு, நோயின் தன்மை, சிகிச்சையின் தன்மை, நோயாளர் என்பன அவை. ஐந்தில் ஒன்றே நோயாளரைப் பற்றியது என்பது கவனிக்கத்தக்கது.

இப்பிரச்சினை புதியதும் அன்று. நோயாளர்கள் மருந்தை உட்கொண்டதாகப் பொய் கூறுவர் என்பதால் அவதானமாக இருக்குமாறு பண்டைய கிரேக்க மருத்துவரான ஹிப்போகிரட்டீசின் பெயரில் வழங்கும் நூல்களிலேயே எச்சரிக்கை உண்டு. எனினும் அக்காலத்து மருந்துகளிற் பல நோயாளருக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்திருக்கக் கூடியவை. அவற்றை விழுங்காமல் ஏமாற்றிய நோயாளர் பிழைத்துக்கொண்டிருக்கவும் கூடும். இன்றைய நிலை அவ்வாறானதல்ல. எமது நாட்டில் நிகழும் மரணங்களில் நான்கில் மூன்று பங்கிற்குக் குறையாதவை இருதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய் போன்ற தொற்றா நோய்களாலேயே ஏற்படுகின்றன. உயர் குருதி அமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் நாளாந்தம் உட்கொள்ளப்படும் மலிவான குளிசைகள், பாரிசவாதத்தையும் மாரடைப்பையும் சிறுநீரகச் செயலிழப்பையும் தடுக்கவோ தள்ளிப்போடவோ வல்லவை. குருதிச் சுத்திகரிப்புக்காக வாரம் இருமுறையோ மும்முறையோ வைத்தியசாலைக்கு அலையும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டின் பெறுமதி நன்கு தெரியும்.

மருத்துவ உலகில் இது தொடர்பாக வழங்கிவந்த சொல் மாறியிருப்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். முன்னர் வைத்தியரின் கட்டளைக்கு நோயாளர் ‘பணிந்து நடத்தல்’ என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லே வழக்கில் இருந்தது. பின்னர், இருவரும் ஒத்துக்கொண்ட சிகிச்சையைக் ‘கடைப்பிடித்தல்’ என்ற பொருளிலான சொல் அதன் இடத்தைப் பிடித்தது. வெறும் சொல் விளையாட்டாக இது தோன்றலாம். ஆனால், மருந்தை நிறுத்திய ஒருவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதா, அவருடன் உரையாடி உடன்பாடு காண்பதா என்பதை இந்தச் சொற்களே தீர்மானிக்கின்றன.

மருந்து தவறுவது இரு வகைப்படும். ஒன்று மறதியாலும் விளங்காமையாலும் தவறுவது. மற்றது, வேண்டுமென்றே நிறுத்துவது. இரண்டாவது வகையே நாம் நினைப்பதைவிட அதிகம் என்பதும், அவ்வாறு நிறுத்துவோர் தத்தம் அளவில் நியாயம் ஒன்றை வைத்திருக்கின்றனர் என்பதும் கிளினிக்குகளில் பணிபுரிவோர் அறிந்ததே.

அந்த நியாயங்களுள் முதன்மையானது “இப்போது எனக்கு ஒன்றுமில்லை” என்பதாகும். காய்ச்சலுக்கு மருந்து எடுத்தால் காய்ச்சல் இறங்குகின்றது. தலையிடிக்குக் குளிசை விழுங்கினால் வலி நிற்கின்றது. ஆனால் உயர் குருதி அமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. ‘பிறசர்’ ஏறினால் தலை சுற்றும், பிடரி வலிக்கும், அப்போது ஒரு குளிசை போட்டால் போதும் என்று எண்ணுவோர் எம்மத்தியில் ஏராளம். சீனி வருத்தமும் அவ்வாறே பல வருடங்கள் ஓசையின்றி உடலை அரிக்கின்றது. மருந்தை உட்கொண்டால் சுகம் தெரிவதில்லை. உட்கொள்ளாவிட்டால் சுகயீனமும் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, நன்றாக இருந்த மனிதருக்கு மருந்து புதிய உபாதை ஒன்றையும் தந்துவிட்டால், எதை நிறுத்துவது என்பதில் அவருக்குச் சந்தேகம் எழப்போவதில்லை.

இவ்விடத்தில் எமது மருத்துவ மரபையும் சற்று நினைவுகூரலாம். கட்டுப்பாடு என்பது எமது மக்களுக்குப் புதியதன்று. சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியரிடம் மருந்து வாங்கியவர்கள் புளி, மீன், கத்தரிக்காய் என்று பலவற்றை விலக்கிக் கடும் பத்தியம் காத்தனர். ஒரு மண்டலம் என்றால் ஒரு மண்டலம், ஒரு நாளும் தவறவில்லை. ஆகவே, தமிழ் பேசும் மக்களுக்கு மருந்தொழுக்கம் வராது என்று எவரும் கூற முடியாது. ஆனால் அந்தப் பத்தியத்துக்கு முடிவு நாள் ஒன்று இருந்தது. அந்நாளில் தலைமுழுகி, விலக்கியதை உண்டு, நோய் தீர்ந்தது என்று வீடே அறிந்துகொண்டது. நீரிழிவுக் குளிசைக்கு அவ்வாறான முடிவு நாள் இல்லை. மருந்து என்பது நோயைத் தீர்த்துவிட்டு விலக வேண்டியது என்று தலைமுறை தலைமுறையாகக் கற்ற மனம், ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மருந்தைத் தோல்வியாகவே காண்கின்றது. “இன்னும் மாறவில்லை, அதனால் இந்த மருந்து சரியில்லை” என்ற முடிவுக்கு வருகின்றது. மருந்து நோயை மாற்றுவதற்கன்று, அதனைக் கட்டிவைப்பதற்கே என்பதை முதல் நாளிலேயே எடுத்துரைத்தால் பலர் புரிந்துகொள்வர். முதல் நாளில் அதற்கு எவருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

இரண்டாவது நியாயம் அச்சம். “குளிசை குடித்துக் குடித்துச் சிறுநீரகம் பழுதாகிவிடும்” என்ற பேச்சைக் கேளாதவர் இருக்க முடியாது. வடமத்திய மாகாணத்தில் பல்லாயிரம் விவசாயக் குடும்பங்களை வாட்டிய, காரணம் திட்டவட்டமாக அறியப்படாத சிறுநீரக நோய் பற்றிய செய்திகள் இந்த அச்சத்துக்கு மேலும் தீனி போட்டன. உண்மை என்னவெனில், சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில் முன்னிற்பவை கட்டுப்படாத நீரிழிவும் கட்டுப்படாத குருதி அமுக்கமுமே ஆகும். எனலாப்ரில், லொசார்ட்டன் போன்ற சில மருந்துகள் அமுக்கத்தைக் குறைப்பதோடு சிறுநீரகத்தைப் பாதுகாப்பதற்காகவும் வழங்கப்படுகின்றன. சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடிய குளிசைகளும் உண்டுதான். அவை பெரும்பாலும் மூட்டுவலிக்கும் உடம்பு உளைச்சலுக்கும் கடையில் சிட்டையின்றி வாங்கி மாதக்கணக்கில் விழுங்கப்படும் சிலவகை வலிநிவாரணிகள். கிளினிக் மருந்துக்கு அஞ்சி அதனை ஒதுக்கிவிட்டு, அதே கையால் வலிக்குளிசையை எடுத்துப் போட்டுக்கொள்ளும் விந்தையை என்னென்பது!

இன்சுலின் பற்றிய அச்சமும் இத்தகையதே. ஊசி போடச் சொன்னால் கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று பொருள்கொள்வோர் பலர். அயலில் யாரோ ஒருவர் ஊசி தொடங்கிச் சில மாதங்களில் கால் இழந்தார் அல்லது கண் இழந்தார் என்பது சான்றாக முன்வைக்கப்படும். ஊசி தாமதமாகத் தொடங்கப்பட்டதே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பக்க விளைவுகள் கற்பனை அல்ல. மெட்போர்மின் தொடங்கும் பலருக்கு வயிற்றுப் புரட்டலும் பேதியும் ஏற்படுகின்றன. சாப்பாட்டோடு சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக அதிகரித்தால் இத்தொல்லை பெரும்பாலும் தணிந்துவிடும். எனலாப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். வைத்தியரிடம் கூறினால் மாற்று மருந்து உண்டு. அம்லோடிபைன் கணுக்காலில் வீக்கத்தை ஏற்படுத்துவதுண்டு. கர்ப்பிணித் தாய்மாருக்கு வழங்கப்படும் இரும்புச்சத்துக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கும், மலச்சிக்கலையும் ஓங்காளத்தையும் தரும். அதைத் தேநீரோடு விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வதும் குறைந்துவிடும். காசநோய்க்கான ரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். முன்கூட்டி ஒரு வசனம் சொல்லப்பட்டிருந்தால் இது வெறும் நிறமாற்றம். சொல்லப்படாவிட்டால் நோயாளர் அதனை இரத்தம் என்று நினைத்து, அன்றே மருந்தை நிறுத்திவிடவும் கூடும்.

சொல்லாமல் நிறுத்துவதில் உள்ள ஆபத்தை இங்கு வலியுறுத்த வேண்டும். வலிப்பு நோய்க்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அட்டெனோலோல் போன்ற இருதய மருந்துகளையும், நீண்டநாள் உட்கொண்ட ஸ்டீரொயிட் மருந்துகளையும் ஒரே நாளில் கைவிடுவது பெருந்தீங்காக முடியலாம்.

இனி, நிறுத்த வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர்கள் எவ்வாறு தவறுகின்றனர் என்பதைப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பது முதலாவது. 76 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2001 ஆம் ஆண்டில் வெளியான மீளாய்வொன்றின்படி, நாளுக்கு ஒரு தடவை மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து நூற்றுக்கு 79 அளவில் கடைப்பிடிக்கப்பட்டது. இரு தடவையாயின் 69, மூன்று தடவையாயின் 65, நான்கு தடவையாயின் 51 எனப் படிப்படியாக அது இறங்கியது. மருந்துப் போத்தலின் மூடியில் இலத்திரனியல் கருவி பொருத்தி, அது எப்போது திறக்கப்பட்டது என்பதைப் பதிந்த ஆய்வுகள் அவை. எமது கிளினிக்குகளில் ஐந்து, ஆறு வகைக் குளிசைகளை வெவ்வேறு நேரங்களில் விழுங்க வேண்டிய முதியவர்கள் ஏராளம். பகல் வேளை மருந்தே அதிகம் தவறுகின்றது என்பது வயலுக்கும் கடலுக்கும் கொழுந்து பறிக்கவும் செல்வோரின் வீடுகளில் விசாரித்தால் தெரியவரும். மருந்துப் பை வீட்டில், ஆள் வேலைத்தளத்தில்.

அடுத்தது விளக்கமின்மை. அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், “இரண்டு குளிசைகளை நாளொன்றுக்கு இரு தடவை உட்கொள்க” என்ற அறிவுறுத்தல் நோயாளர்களிடம் காட்டப்பட்டது. வாசிப்புத் திறன் குறைந்தோரில் நூற்றுக்கு 71 பேர் அதனைச் சரியாகவே வாசித்து ஒப்புவித்தனர். ஆனால் ஒரு நாளுக்கு வேண்டிய குளிசைகளை எண்ணிக் காட்டுமாறு கேட்டபோது, நான்கை எடுத்துக் காட்டியவர்கள் நூற்றுக்கு 35 பேர் மாத்திரமே. வாசிப்பது வேறு, விளங்குவது வேறு. அதுவும் தம் சொந்த மொழியிலே!

சொந்த மொழியிலும் இல்லாதபோது நிலைமை என்னவாகும்? அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின் மூலம் 1987 இல் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டது. அப்படியிருந்தும், வடக்கு கிழக்குக்கு வெளியே மலையகத்திலும் மேற்கிலும் தெற்கிலும் வாழும் தமிழ், முஸ்லிம் நோயாளர்கள் பலருக்கு மருந்துறையில் எழுதப்பட்டிருப்பதும், மருந்து வழங்குபவர் யன்னலூடாக விரைந்து சொல்வதும் விளங்குவதில்லை. சிங்களம் பேசத் தெரிந்தவர்களும் வாசிக்கத் தெரிந்தவர்களாக இருப்பதில்லை. கிளினிக் கொப்பியில் உள்ளதோ வைத்தியரின் ஆங்கிலக் கையெழுத்தும் இலத்தீன் சுருக்கக் குறிகளும். பாடசாலைக்குச் செல்லும் பேரப்பிள்ளையே அந்த வீட்டின் மருந்தாளராகிவிடுகின்றது. வெட்டப்பட்ட குளிசைப் பட்டையில் மருந்தின் பெயரும் காலாவதித் திகதியும் வெட்டுண்டு போவதும், இம்மாதம் வெள்ளை வட்டமாக வந்த குளிசை அடுத்த மாதம் வேறு கம்பனியிலிருந்து இளஞ்சிவப்பாக வருவதும் குழப்பத்தை மேலும் பெருக்குகின்றன. நிறம் மாறியதால் வேறு மருந்து என்று நினைத்துப் பழையதையும் புதியதையும் சேர்த்து இரட்டிப்பாக விழுங்கும் ஆபத்தும் உண்டு. ஆஸ்துமாவுக்கு, கருவியில் இட்டு உறிஞ்ச வேண்டிய கப்சியூலைத் தண்ணீருடன் விழுங்குவோர் இருப்பதையும் வைத்தியர்கள் அறிவர்.

இலவசம்தானே, பணம் ஒரு காரணமாகுமா என்று கேட்கப்படலாம். மருந்து இலவசம், அதைப் பெறுவது இலவசமல்ல. நாட்சம்பளத்தில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு கிளினிக் நாள் என்பது அன்றைய பெயர் போகும் நாள். பஸ் கட்டணம், கூட வருபவரின் சாப்பாடு, முற்பகல் முழுவதும் காத்திருப்பு, பின்னர் “இந்த மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள்” என்ற சிறு துண்டு. வெளியில் முழு மாதத்துக்கும் வாங்க இயலாதவர் பத்து நாளுக்கு வாங்கி, ஒன்றுவிட்ட ஒரு நாள் விழுங்கி மாதத்தை ஓட்டுகின்றார். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, தனியார் பாமசிகளிலும் விலைகள் உயர்ந்தன. அக்காலத்தில் பாதிக் குளிசை பழகிய குடும்பங்கள் பின்னரும் அப்பழக்கத்திலிருந்து எளிதில் மீளவில்லை. அதற்கும் முன்னர், 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டு மக்களும், 2009 வரை இடம்பெயர்ந்து அலைந்த வன்னி மக்களும் மருந்தின்றி நாட்களைக் கடத்த நேர்ந்ததை இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

பணத்தடையை நீக்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மாரடைப்பிலிருந்து பிழைத்த 5800 இற்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2011 இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு மருந்துகள் முற்றிலும் இலவசமாக வழங்கப்பட்டன. வழமைபோல் பணத்தில் ஒரு பங்கைச் செலுத்தியோரில் கடைப்பிடிப்பு நூற்றுக்கு 36 முதல் 49 வரை இருந்தது. இலவசமாகப் பெற்றோரில் அது 4 முதல் 6 புள்ளிகளே கூடியது. மாரடைப்பைக் கண்ணால் கண்டவர்கள், இலவச மருந்து, அப்படியிருந்தும் இவ்வளவே! எமது நாட்டின் இலவச சுகாதார சேவையை எண்ணிப் பெருமைகொள்ளும் நாம் அனைவரும் இந்த இலக்கங்களை ஒருமுறை நிதானித்துப் பார்ப்பது நல்லது.

எமது வாசகர்களுக்கு நெருக்கமான இன்னொரு விடயம் நோன்பும் விரதமும். 2001 இல் 13 நாடுகளில் 12,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளரிடையே நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரில் நூற்றுக்கு 79 பேர் ரமழானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றனர். நோயாளரிற் பாதிக்கும் மேற்பட்டோர் மருந்தின் அளவில் எந்த மாற்றமும் செய்யவில்லை. குருதியில் சீனி கடுமையாக இறங்கும் சம்பவங்கள் அம்மாதத்தில் ஏனைய மாதங்களைவிடப் பல மடங்கு அதிகரித்தன. நோயாளிக்கும் பயணிக்கும் திருக்குர்ஆனே சலுகை வழங்கியிருக்கின்றது என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. ஆயினும் முழுக் குடும்பமும் ஸஹருக்கு எழும்போது தாம் மட்டும் விலகி நிற்க மனம் இடங்கொடுப்பதில்லை. இந்த மனநிலையைக் குறைகூறுவதில் பயனில்லை. நோன்பு நோற்க முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்பதையும், காலைக் குளிசையை இப்தாருக்கும் மாலைக் குளிசையைக் குறைத்து ஸஹருக்கும் மாற்றுவது போன்ற ஒழுங்குகளையும் வகுக்கும் சர்வதேச வழிகாட்டிகள் உள்ளன. அவற்றில் ஒன்று 2021 இல் புதுப்பிக்கப்பட்டது. மருந்தை எவ்வாறு மாற்றுவது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகையால் ரமழானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்னரே வைத்தியரைக் காண வேண்டும். விரல் நுனியில் குத்திச் சீனியை அளப்பதால் நோன்பு முறிவதில்லை என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். உள்ளூர் பள்ளிவாசல் ஒன்றில் ஷஃபான் மாதத்து ஜும்ஆவில் இதனைச் சொல்வது, நூறு துண்டுப்பிரசுரங்களைவிடப் பலனளிக்கும் என்பது எமது எண்ணம்.

இந்துக்களிடையே கந்தசஷ்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும் கொள்வோர், கௌரி விரதம் 21 நாள் நோற்போர் ஆகியோர் நிலையும் இதற்கு வேறானதன்று. வெறும் வயிற்றில் நீரிழிவுக் குளிசையை விழுங்கி மயங்கி விழுவோரும் உண்டு, விரதம் என்று மருந்தை முற்றாக விட்டுவிடுவோரும் உண்டு. ரமழானுக்கு உள்ள அளவு மருத்துவ வழிகாட்டல் எமது விரதங்களுக்கு இல்லை என்பது ஒரு குறையே. கப்சியூலின் கூட்டில் உள்ள ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து பெறப்பட்டது என்ற ஐயம் முஸ்லிம்களுக்கும் மரக்கறி உண்போருக்கும் பொதுவானது. கேட்க வெட்கப்பட்டு மருந்தைக் கைவிடுவதைவிட, அதே மருந்து குளிசை வடிவில் கிடைக்குமா எனக் கேட்டுவிடலாம். பல மருந்துகளுக்கு அவ்வாறு கிடைக்கும்.

வெட்கம் என்றவுடன் காசநோயும் வலிப்பும் உளநோயும் நினைவுக்கு வருகின்றன. காசநோய்க்கு வழமையாக 6 மாத சிகிச்சை வேண்டும். ஓரிரு மாதங்களில் இருமலும் காய்ச்சலும் நின்று உடல் தேறத் தொடங்குகின்றது. அத்தருணமே சிகிச்சை கைவிடப்படும் தருணமும் ஆகும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாகி வீட்டாருக்கும் தொற்றலாம். இதற்காகவே, பணியாளர் ஒருவர் கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்யும் முறை உலகெங்கும் கொண்டுவரப்பட்டது. ஆனால் மார்புநோய் கிளினிக்குக்கு நாள்தோறும் போய்வருவதை அயலார் கண்டுவிடுவார்களே என்ற கவலை சிலரை அங்கிருந்தும் விலக்கிவிடுகின்றது. திருமணம் பேசப்படும் வீட்டில் பெண்பிள்ளையின் வலிப்புக் குளிசை ஒளித்துவைக்கப்படுகின்றது. திருமணத்தின் பின்னர் கணவன் வீட்டில் அதனை விழுங்க வழியின்றி அவள் நிறுத்திவிடுகின்றாள். உளநோய்க்கு மருந்து உட்கொண்டு தேறிய இளைஞரிடம் “இனி என்னத்துக்கு அந்தக் குளிசை, சும்மா நித்திரை கொள்ள வைக்கும்” என்று உறவினரே கூறி நிறுத்திவிடுவதும் நடக்கின்றது. இங்கெல்லாம் மருந்தை நிறுத்தியது நோயாளர் மட்டுமல்லர்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பற்றிய அறிவுரை இப்போது சற்று மாறியிருப்பதையும் சொல்லிவைக்க வேண்டும். எந்தத் தொற்றாயினும் தரப்பட்ட முழுவதையும் முடித்தே தீர வேண்டும் என்ற பழைய விதி எல்லா நோய்க்கும் பொருந்துமா என்பதை 2017 முதல் மருத்துவ அறிஞர்கள் சிலர் கேள்விக்குட்படுத்தியுள்ளனர். பல தொற்றுக்களுக்குக் குறுகிய சிகிச்சையே போதும் எனத் தெரியவந்துள்ளது. காசநோய்க்கு இது பொருந்தாது. எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும் என்பதில் மாற்றமும் இல்லை.

கிளினிக்கில் நடக்கும் உரையாடலையும் சற்று நோக்குவோம். “மருந்து ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?” என்று வைத்தியர் கேட்கின்றார். “ஓம்” என்று நோயாளர் தலையசைக்கின்றார். வேறு விடை சொன்னால் ஏச்சு விழும் என்பது அவருக்குத் தெரியும். அத்துடன் கிளினிக் நாள் நெருங்கும்போது ஒழுங்காக உட்கொள்வதும், நாள் கடந்தபின் தளர்வதும் மனித இயல்பு. வலிப்பு நோயாளரிடையே நடத்தப்பட்டு 1990 இல் வெளியான ஆய்வொன்று, வைத்தியரைக் காண்பதற்கு முந்திய ஐந்து நாட்களில் நூற்றுக்கு 88 ஆக இருந்த ஒழுங்கு, ஒரு மாதத்தின் பின்னர் 67 ஆக இறங்கியதைக் காட்டியது. இதில் உண்மையான ஆபத்து ஒன்று மறைந்திருக்கின்றது. மருந்து உட்கொள்ளப்படுகின்றது என நம்பும் வைத்தியர், அமுக்கமோ சீனியோ குறையாததைக் கண்டு அளவைக் கூட்டுகின்றார், இன்னொரு மருந்தையும் சேர்க்கின்றார். பின்னர் ஏதோவொரு காரணத்துக்காக அந்நோயாளர் வார்ட்டில் அனுமதிக்கப்பட்டு, சிட்டையில் உள்ள அத்தனையும் தாதியின் கையால் நேரம் தவறாது கொடுக்கப்படும்போது, அமுக்கமும் சீனியும் அபாயகரமாக வீழ்ந்துவிடலாம். “போன கிழமை எத்தனை நாள் தவறியது? எல்லோருக்கும் தவறுவதுதானே” என்று கேள்வியை மாற்றிக் கேட்கும் வைத்தியர்களுக்கு உண்மையான விடை கிடைக்கின்றது. கேள்வியை மாற்றுவதற்கு மேலதிக நேரமும் செலவாவதில்லை.

பரிகாரங்களைப் பொறுத்தவரை, எமது நாட்டிலேயே நடந்த இரு ஆய்வுகளைக் குறிப்பிடாமல் விட முடியாது. முதலாவது, மூன்று குருதி அமுக்க மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகச் சேர்த்து வழங்கிய ஆய்வு. 2016 இலும் 2017 இலும் இலங்கையின் வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம் நடத்தப்பட்டு 2018 இல் வெளியானது. ஆறு மாத முடிவில், அந்த ஒரே குளிசையைப் பெற்றோரில் நூற்றுக்கு 70 பேர் இலக்கு அமுக்கத்தை எட்டினர். வழமையான சிகிச்சை பெற்றோரில் 55 பேரே எட்டினர். மருந்துகளைச் சேர்த்துத் தயாரித்த அமுக்கக் குளிசைகளை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது. எண்ணிக்கையைக் குறைப்பது நோயாளரை மாற்றுவதைவிட எளிது.

மற்றையது, பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் 2645 பேரை உள்ளடக்கி, 2020 இல் வெளியான ஆய்வு. கிராம மட்டச் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்றப்பட்டு, அமுக்க நோயாளரின் வீடுகளுக்கே சென்று அளந்து, பேசி, வைத்தியரிடம் அனுப்பிவைத்தனர். இரண்டு ஆண்டுகளில், அவ்வாறு செய்யப்பட்ட கிராமங்களில் மேல் அமுக்கம் ஏனைய கிராமங்களைவிடச் சராசரியாக 5 அலகுகள் மேலதிகமாக இறங்கியது. சிறிய இலக்கமாகத் தோன்றினும், முழுச் சமூகத்துக்கும் கணக்கிட்டால் பாரிசவாதம், மாரடைப்பு என்பவற்றில் அது கணிசமான குறைவைத் தரவல்லது. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்காக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றுடன் அருகிருந்து கவனிப்பவனையும் ஓர் அங்கமாக எண்ணியது. எமது கிளினிக் முறையில் விடுபட்டிருப்பவர் அந்த நான்காமவரே.

2020 இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் நோயாளரின் மருந்துகள் தபால் சேவகர் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. அவசரத்தில் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு, நிலையான மருந்தை மாதாமாதம் பெறுவதற்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை என்பதைக் காட்டியது. இரண்டு, மூன்று மாதங்களுக்குரிய மருந்தை ஒரே தடவையில் வழங்குவது, உறையில் சூரியனும் சந்திரனும் வரைந்து வேளையைக் காட்டுவது, மூன்று மொழிகளிலும் அச்சிடப்பட்ட சிறு ஒட்டுத்துண்டை உறையில் ஒட்டுவது ஆகியன எதுவும் பெருஞ்செலவை வேண்டி நிற்பவையல்ல. வீடு தேடிச் செல்லும் பணிதான் கடினமானது. தாய் சேய் நலப் பணிகளால் ஏற்கனவே நிறைந்திருக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் தலையில் இதனையும் சுமத்த முடியாது. புதிதாக ஆட்களைச் சேர்ப்பதாயின், நுவரெலியா, பதுளை, கண்டி, புத்தளம், களுத்துறை போன்ற மாவட்டங்களில் அந்த வீட்டின் மொழியைப் பேசத் தெரிந்தவர்களைச் சேர்ப்பதிலிருந்தே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.